பழைய மரப் புரொப்பெல்லர்கள்: அலமாரிக்கு எது, என்ஜினுக்கு எது

மாடல் விமானங்களுக்கான பழைய மரப் புரொப்பெல்லர்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர், ஒவ்வொன்றும் கைக்கு வந்த அன்றே ஒரு முடிவு எடுத்துவிட வேண்டும். இது பார்த்துப் பாதுகாக்கவா, மாட்டி ஓட்டவா? இரண்டுக்கும் ஒன்றையே வைத்துக்கொள்ள நினைத்தால் இரண்டும் கெடும். ஓட்டுவதற்காகத் துளையைப் பெரிதாக்கி, உப்புத்தாள் போட்டு, புது வார்னிஷ் பூசிய புரொப்பெல்லரில் அதன் காலத்து அடையாளம் எதுவும் மிஞ்சாது. அலமாரியில் இருக்க வேண்டிய விரிசல் விட்ட கட்டையை என்ஜினில் மாட்டினால் ஆளுக்கே ஆபத்து.

இங்கே பேசுவது பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் சரக்கைப் பற்றி. 1934-ல் ஃபிலடெல்ஃபியாவில் பில் பிரவுனின் பிரவுன் ஜூனியர் என்ஜின் விற்பனைக்கு வந்தபோதுதான் பெட்ரோல் என்ஜின் பொருத்திய மாடல் விமானம் சாதாரண ஆர்வலர் கைக்கு எட்டியது. மின்பொறியால் எரிபொருளைப் பற்றவைக்கும் அந்த ஸ்பார்க் இக்னிஷன் என்ஜின்கள் மெதுவாகச் சுற்றும், பெரிய புரொப்பெல்லரை இழுக்கும். 1947-ல், சூடான கம்பிச் சுருளால் எரிபொருளைப் பற்றவைக்கும் ரே ஆர்டனின் குளோ பிளக் வந்தபின் பேட்டரியும் காயிலும் தேவையில்லாமல் போயின. என்ஜின் எடை குறைந்தது, சுற்றும் வேகம் கூடியது, புரொப்பெல்லர் சிறுத்தது. ஆகவே 13, 14 அங்குல விட்டத்தில் அகலமான பிளேடுகளுள்ள புரொப்பெல்லர்கள் கண்ணில் பட்டால் அவை பெரும்பாலும் இக்னிஷன் காலத்து வடிவம் என்று கொள்ளலாம். 9, 10 அங்குலம் என்றால் குளோ காலத்துக் கண்ட்ரோல் லைன் (கம்பியில் பிடித்து வட்டமாகப் பறக்கவிடும்) விமானங்களுக்கு வந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். சிகாகோவின் டாப் ஃப்ளைட், மற்ற அமெரிக்கத் தயாரிப்புகளான ரெவ்-அப், ஸிங்கர், பிரிட்டனின் ஸ்டான்ட் ஆகிய தயாரிப்புப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அமெரிக்கச் சரக்கில் மேப்பிள் மரம் அதிகம், ஐரோப்பியச் சரக்கில் பீச் மரத்தையும் பார்க்கலாம்.

தொடங்குகிறவர் 10×6 அளவில் (10 அங்குல விட்டம், 6 அங்குல பிட்ச், விளக்கம் கீழே) தொடங்குவது நல்லது. 35 என்று அழைக்கப்படும், 0.35 கன அங்குலச் சிலிண்டர் கொள்ளளவுள்ள என்ஜின்கள் பல பத்தாண்டுகள் இந்த அளவில்தான் ஓடின. அதனால் சரக்கு நிறையக் கிடைக்கும், ஒன்றிரண்டு வீணானாலும் மனம் வருந்தாது.

முத்திரையும் அளவும்

நடுவில் துளையுள்ள தடித்த பகுதியை ஹப் என்பார்கள். ஹப்பின் முகத்திலோ பிளேடின் அடிப்பகுதியிலோ 10-6 அல்லது 10×6 என்று மையால் முத்திரை இருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் 6 என்றால், காற்றில் கொஞ்சமும் வழுக்காமல் திருகாணிபோல் ஏறினால் ஒரு சுற்றில் 6 அங்குலம் முன்னேறும் என்று பொருள். பிட்ச்சை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி, அதை 0.001524-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 6 பிட்ச், 10,000 சுற்று என்றால் ஏறத்தாழ 91 கி.மீ. உண்மையான பறக்கும் வேகம் இதிலிருந்து சற்று விலகும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கணக்கு போதும்.

முத்திரை அழிந்திருந்தால் பிட்ச்சை நீங்களே அளக்கலாம். முத்திரை தெளிவாக இருந்தாலும் அளந்து பாருங்கள், ஏனென்றால் ஒரே புரொப்பெல்லரின் இரு பிளேடுகளே சில சமயம் ஒத்துப்போவதில்லை. கண்ணாடித் தட்டின் மேல் ஹப்பின் பின்முகம் படியும்படி வையுங்கள். ஹப்பை விடப் பிளேடு கீழே இறங்கியிருந்தால் அடியில் ஒரு தடித்த வாஷர் கொடுத்து உயர்த்துங்கள். மையத்திலிருந்து முக்கால் ஆரத்தில், அதாவது 10 அங்குலப் புரொப்பெல்லரில் 95 மி.மீ. தூரத்தில், பென்சிலால் அழியக்கூடிய மெல்லிய கோடு போடுங்கள். அந்த இடத்தில் முன்விளிம்பு கண்ணாடியிலிருந்து எவ்வளவு உயரம், பின்விளிம்பு எவ்வளவு உயரம் என்று அளந்து, இரண்டின் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலிருந்து நேராகப் பார்த்து இரு விளிம்புகளுக்கும் இடையிலான கிடைமட்டத் தூரத்தை அளங்கள். உயர வித்தியாசத்தைக் கிடைமட்டத் தூரத்தால் வகுத்து, 2 × 3.14 × 95-ஆல் பெருக்கினால் பிட்ச் மி.மீ.-ல் வந்துவிடும். வித்தியாசம் 5.6, தூரம் 22 என்றால் விடை ஏறத்தாழ 152 மி.மீ., அதாவது 6 அங்குலம்.

இரண்டு பிளேடுகளுக்கும் நடுவே பிட்ச்சில் அரை அங்குலம் வித்தியாசம் வந்தால் அதை ஓட்டுவதற்கு எடுக்காதீர்கள். எடையை எவ்வளவு நுணுக்கமாகச் சமன் செய்தாலும், ஒரு பிளேடு அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இழுத்தால் அதிர்வு நிற்காது.

எதிர்ப்பக்கம் சுற்றும் புரொப்பெல்லர்களும் உண்டு. வளைந்த முகம் உங்களைப் பார்க்க, ஒரு பிளேடு மேலே நிற்கும்படி பிடியுங்கள். தடித்து மழுங்கிய முன்விளிம்பு உங்கள் இடப்பக்கம் இருந்தால் வழக்கமானது. வலப்பக்கம் இருந்தால், பின்னாலிருந்து தள்ளும் என்ஜினுக்கோ எதிர்ச்சுழற்சி என்ஜினுக்கோ செய்தது. தெரியாமல் வாங்கி மாட்டினால் விமானம் பின்னோக்கி இழுக்கும்.

ஓட்டலாமா என்று சோதிப்பது

இந்தச் சோதனையில் அவசரம் கூடாது. காரணம் ஒரு கணக்கில் அடங்கும். 10 அங்குலப் புரொப்பெல்லர் 12,000 சுற்றில் ஓடும்போது நுனி விநாடிக்கு 160 மீட்டர் வேகத்தில் போகிறது. அங்கே இருக்கும் ஒரு கிராம் மரத்தை வெளியே இழுக்கும் விசை ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமம். அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது ஹப்பின் துளையைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டர் மரம்தான்.

ஆகவே முதலில் ஹப். பக்கவாட்டிலிருந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்து, துளையின் ஓரத்திலிருந்து பிளேடை நோக்கி மரத்தின் ரேகை வழியே கோடு ஏதும் கிளம்புகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால், வார்னிஷ் இல்லாத துளையின் உள்சுவரில் மட்டும் பஞ்சால் ஸ்பிரிட் தொட்டுத் தடவுங்கள். சுற்றிலும் சில விநாடிகளில் உலர்ந்துவிடும். விரிசல் இருந்தால் உள்ளே போன ஸ்பிரிட் தாமதமாக உலர்வதால் அது கருங்கோடாகத் தனித்துத் தெரியும்.

அடுத்து ஹப்பைத் திருப்பிப் பின்முகத்தைப் பாருங்கள். ஒரு புரொப்பெல்லரின் வாழ்க்கை வரலாறு அங்கேதான் எழுதியிருக்கும். என்ஜினின் டிரைவ் வாஷரில் உள்ள பற்கள் மரத்தில் பதிந்து, துளையைச் சுற்றிக் கதிர்கள்போல் சிறு வெட்டுகள் தெரிந்தால், அது முறையாக இறுக்கி ஓட்டப்பட்டது. அந்த வெட்டுகள் மழுங்கி, அவற்றின் மேல் பளபளப்பான கறுப்பு வளையம் இருந்தால், நட் தளர்ந்து புரொப்பெல்லர் வழுக்கிச் சுற்றியிருக்கிறது, உராய்ந்த சூட்டில் மரம் கருகியிருக்கிறது. அது ஓட்டத் தகுதியற்றது. எந்தத் தடமும் இல்லாமல் முகம் தட்டையாக இருந்தால் மாட்டப்படாத புதுச் சரக்காக இருக்கலாம். அப்படிப்பட்டதில் முத்திரையும் ஒட்டுப்படமும் தெளிவாக இருந்தால் ஓட்டவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஓடித் தேய்ந்தவை ஏராளமாகக் கிடைக்கின்றன, ஓடாதவை குறைந்துகொண்டே வருகின்றன.

பிறகு பிளேடுகள். விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் ரேகைகள் ஹப்பிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓட வேண்டும். ஹப்பை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கில் ரேகை சாய்ந்து முகத்தின் வழியே வெளியேறினால், முறியும்போது அங்கேதான் முறியும். ஊசிமுனை அளவுத் துளைகளும் மாவும் தெரிந்தால் மரம் உளுத்திருக்கிறது. மேலே ஒரு துளை தெரிந்தாலும் உள்ளே எத்தனை சுரங்கம் என்று யாரும் சொல்ல முடியாது. அதை மற்றவற்றுடன் சேர்த்து வைக்கவும் கூடாது.

ஹப்பை இரு விரலால் லேசாகப் பிடித்து, ஒவ்வொரு பிளேடையும் பென்சிலால் தட்டிக் கேளுங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், இரு பக்கமும் ஒரே மாதிரி ஒலிக்கும். ஒரு பக்கம் மட்டும் பொத்தென்று கேட்டால் விரிசலோ பழைய ஒட்டோ இருக்கிறது. அந்தக் காலத்துப் பையன்கள் உடைந்த பிளேடை ஒட்டித் தேய்த்து வண்ணம் பூசுவதில் கெட்டிக்காரர்கள். நுனியில் மட்டும் தடித்த பெயிண்ட் இருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். கடைசியாகக் கட்டைவிரலால் நுனியை மெல்ல அழுத்திப் பாருங்கள். கிறீச்சென்று சின்னச் சத்தம் கேட்டாலும் அது அலமாரிக்குத்தான்.

முன்விளிம்பில் ஒரு மி.மீ. ஆழத்துக்குள் சிறு பள்ளம் என்றால் 320 எண் உப்புத்தாளால் மழுக்கி, வார்னிஷ் பூசி, மறுபடி சமன் செய்து ஓட்டலாம். அதைவிடப் பெரியது, ரேகைக்குக் குறுக்கே போகும் எந்தக் கீறல், ஹப்பில் எந்த விரிசல் என்றாலும் பசை போட்டு ஓட்டக் கூடாது. சூப்பர் க்ளூ விரிசலைக் கண்ணுக்கு மறைக்கும், பலத்தைத் திருப்பித் தராது. தேறாதவற்றின் துளையில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள், வேறொருவர் எடுத்து மாட்டிவிடக் கூடாது.

எந்த என்ஜினுக்கு எது

தேறிய புரொப்பெல்லரை அது பிறந்த காலத்து என்ஜினோடு சேர்ப்பதே பாதுகாப்பு. 0.049 அளவுக்கு 6×3, 0.15-க்கு 8×4, 0.19-க்கு 9×4, பழைய 0.35-க்கு 10×6, இக்னிஷன் 0.60-க்கு 13 அல்லது 14 அங்குலம் என்று தொடங்கலாம். இதே 10×6-ஐ இன்றைய வேகமான என்ஜினில் மாட்டினால் அது கணக்கில் கொள்ளாத சுற்றுகளுக்கு ஏறிவிடும். சுற்று ஒன்றரை மடங்கானால் ஹப்பின் மேல் இழுப்பு இரண்டேகால் மடங்கு. பழைய மரத்தை அந்த இடத்தில் பரிசோதிக்க வேண்டாம், புதிதாகச் செய்த மரப் புரொப்பெல்லர் வாங்கிக்கொள்ளுங்கள்.

விட்டத்தை மாற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரே சுற்று வேகத்துக்குத் தேவையான சக்தி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, பிட்ச்சுக்கு நேர்விகிதத்தில் மட்டுமே கூடும். 10-லிருந்து 11 அங்குலத்துக்குப் போனால் சுமை 46 சதவீதம் ஏறுகிறது. மின்மோட்டாரில் மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்காமல்தான் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கண்ட்ரோலரை எரிக்கிறார்கள். முதலில் ஆம்பியர் மீட்டரோடு பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

நைலானை விட மரத்தை இன்றும் பலர் விரும்புவதற்குக் காரணம் ஏக்கம் மட்டும் இல்லை. மரம் இலேசானது, விறைப்பானது. கண்ட்ரோல் லைன் சாகசத்தில் மூக்கைச் சட்டென்று திருப்பும்போது புரொப்பெல்லரின் சுழற்சி விமானத்தைப் பக்கவாட்டில் இழுக்கும், எடை குறைந்தால் அந்த இழுப்பும் குறையும். தரையில் மோதினால் மரம் உடைந்து, என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டைக் காப்பாற்றிவிடும்.

துளை

அமெரிக்க 0.19 முதல் 0.40 வரையிலான பல என்ஜின்களின் ஷாஃப்ட் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. பழைய புரொப்பெல்லர்களின் துளையும் பெரும்பாலும் அதுவே. பெரிதாக்க வேண்டி வந்தால் கை டிரில் எடுக்காதீர்கள். பிட் மரத்தின் மென்மையான ரேகைப் பக்கம் விலகிப்போய் மையம் தவறும். அரை மி.மீ. தவறினாலும் இரு பிளேடுகளின் நீளத்தில் ஒரு மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். படிப்படியாக அகலும் புரொப்பெல்லர் ரீமரை எடுத்து, ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் பாதி என்று கையால் திருகுங்கள். 10 அங்குலப் புரொப்பெல்லரில் துளைக்கு இருபுறமும் 6 மி.மீ. மரமாவது மிஞ்ச வேண்டும்.

துளை பெரிதாகவும் ஷாஃப்ட் சிறிதாகவும் இருந்தால் பித்தளைக் குழாய்த் துண்டை உள்ளே செருகலாம். அதன் நீளம் ஹப்பின் கனத்தைவிட ஒரு மி.மீ. குறைவாக இருக்கட்டும். சமமாக இருந்தால், மரம் சற்று அமுங்கியதும் வாஷர் குழாயைத்தான் இறுக்கும், மரம் தளர்ந்தே கிடக்கும். டேப் சுற்றிச் சரிக்கட்டுவது மையத்தைக் காப்பாற்றாது.

சமன் செய்வது

காந்தத்தில் மிதக்கும் அச்சுள்ள பேலன்ஸர் சிறந்தது. இல்லாவிட்டால், துளைக்குள் மையமாகப் பொருந்தும் கூம்புகளோடு நேரான எஃகுக் கம்பியை, ரசமட்டம் வைத்துச் சமமாக்கிய இரண்டு கத்தி விளிம்புகளின் மேல் உருள விடலாம். புரொப்பெல்லர் அதே அறையில் ஒரு நாளாவது இருந்த பிறகு செய்யுங்கள், ஈரம் ஏறியிருந்தால் கணக்கு மாறும்.

1. பிளேடுகளைக் கிடைமட்டமாக நிறுத்தி விடுங்கள். கனமான பக்கம் கீழே போகும். இடம் மாற்றி மூன்று முறையாவது பாருங்கள், ஒவ்வொரு முறையும் அதே பக்கம்தான் இறங்க வேண்டும். மாறி மாறி இறங்கினால் கோளாறு பேலன்ஸரில்.

2. வித்தியாசம் சிறிதென்றால் இலேசான பிளேடின் நுனிப்பக்கம் எரிபொருளைத் தாங்கும் வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சுக் கொடுங்கள். காய்ந்த பிறகு பாருங்கள். ஈரமான வார்னிஷ் அதிக எடை காட்டி ஏமாற்றும்.

3. பெரிதென்றால் கனமான பிளேடின் வளைந்த முன்முகத்தைத் தேயுங்கள். தட்டையான பின்முகத்தைத் தொடாதீர்கள், பிட்ச் மாறிவிடும். நுனியை வெட்டவும் கூடாது. தேய்த்த இடம் வெறும் மரமாக இருப்பதால் இரண்டு பூச்சு வார்னிஷ் வேண்டும், அந்த எடைக்கு இடம்விட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள்.

4. கிடைமட்டத்தில் நின்றதும் செங்குத்தாக நிறுத்துங்கள். இப்போதும் ஒரு பக்கம் சரிந்தால் ஹப்பின் அந்தப் பக்கம் கனம். எதிர்ப்பக்கம் ஹப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு எபாக்ஸி வைத்தால் சரியாகும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிளேடு சமனாக இருந்தும் அதிர்வால் எரிபொருள் தொட்டியில் நுரை கட்டுகிறதே என்று தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் விடை இங்கே இருக்கும்.

என்ஜினில் மாட்டிக் கையால் சுற்றி, நுனிகள் ஒரே தளத்தில் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். அசையாத பென்சிலை ஒரு நுனிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் தெரிந்துவிடும். 10 அங்குலத்தில் ஒரு மி.மீ.-க்கு மேல் விலகினால் பிளேடு கோணிப்போயிருக்கிறது அல்லது ஹப் முகம் சாய்ந்திருக்கிறது.

மாட்டி ஓட்டுவது

முன்னால் வைக்கும் வாஷர் அகலமாக, தட்டையாக இருக்கட்டும். சிறிய வாஷர் மரத்துக்குள் புதையும். பிஸ்டன் அழுத்தத்தைத் தொடும்போது பிளேடுகள் கிடைமட்டத்துக்கு வரும்படி மாட்டினால், எரிபொருள் தீர்ந்து இறங்கும்போது புரொப்பெல்லர் குறுக்காக நின்று தரையில் படாமல் தப்பும். இறுக்கியபின் ஒரு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள். மரம் நிச்சயம் அமுங்கியிருக்கும். முதல் நாலைந்து ஓட்டம் முடிகிற ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் இறுக்கியது வறண்ட காலத்தில் தானாகவே தளரும், ஈரம் வற்றிய மரம் சுருங்குவதால்.

ரப்பர் சுற்றிய குச்சியாலோ தடித்த கையுறையோடோ சுண்டிக் கிளப்புங்கள். மின் ஸ்டார்ட்டர் பழைய ஹப்பின் முகத்தைக் கடித்துவிடும். கண்ணாடி அணியுங்கள். கிளம்பியதும் புரொப்பெல்லருக்குப் பின்னால் போய்விடுங்கள், அது சுற்றும் தளத்துக்கு நேராகப் பக்கவாட்டில் நீங்களும் நிற்க வேண்டாம், வேடிக்கை பார்ப்பவர்களும் நிற்க வேண்டாம். உடைந்தால் துண்டு பறப்பது அந்தத் திசையில்தான். முதல் ஓட்டம் பாதி வேகத்தில். நிறுத்தியபின் ஹப்பை மறுபடி விளக்கில் பாருங்கள். தரையைத் தொட்ட புரொப்பெல்லர் உடையாமல் தெரிந்தாலும் எல்லாச் சோதனையும் முதலிலிருந்து.

அலமாரிக்குப் போகிறவை

இங்கே செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாததே அதிகம். குளோ என்ஜினில் ஓடிய புரொப்பெல்லரில் எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெய் பழுப்புப் பிசினாக இறுகியிருக்கும். மெத்தனாலும் தின்னரும் அதைக் கரைக்கும், கூடவே பழைய வார்னிஷையும் மை முத்திரையையும் கரைக்கும். மென்மையான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். அதற்கும் போகாத பிசினை விட்டுவிடலாம். எதைப் பயன்படுத்தினாலும் ஹப்பின் பின்முகத்தில் கடுகளவு இடத்தில் முதலில் சோதியுங்கள், முத்திரையின் மேல் எதுவும் படக் கூடாது.

ஒரு பிளேடு மேலும் மற்றது கீழுமாக நிறுத்தியோ சுவரில் சாய்த்தோ வைக்காதீர்கள். செங்குத்தாக நெடுநாள் நின்றால் ஈரம் கீழ்ப் பிளேடில் சேர்ந்து சமன் மாறும். மாடலில் மாட்டியிருப்பதையும் கிடைமட்டமாகவே விட்டுவையுங்கள். துளை வழியே மரக்குச்சி கோத்து, நடுவில் மெல்லிய ஃபெல்ட் வளையம் கொடுத்து அடுக்கலாம். வெயில் படும் சுவரும், சமையலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். காற்று புகாத பிளாஸ்டிக் பையில் நெடுநாள் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும், காகித உறையே போதும். வந்த அட்டைப் பெட்டியும் விலைச் சீட்டும் இருந்தால் பத்திரமாக வையுங்கள், முத்திரை அழிந்தவற்றை அடையாளம் காண அவைதான் உதவும்.

அரிய ஒன்றை எப்படியும் பறக்கவிட ஆசை என்றால் நகல் செதுக்குங்கள். மேலிருந்தும் பக்கவாட்டிலும் அதன் உருவத்தைக் காகிதத்தில் வரைந்து, 25 மி.மீ. இடைவெளியில் ஒவ்வோர் இடத்திலும் கோணத்தையும் கனத்தையும் மேலே சொன்ன முறையில் அளந்து, நேரான ரேகையுள்ள மேப்பிள் அல்லது பீச் கட்டையில் செதுக்கலாம். முதலில் துளையிட்டு, பிறகு உருவத்தை அறுத்து, கடைசியில் பின்முகம், அதன்பின் முன்முகம் என்ற வரிசை முக்கியம். துளையைக் கடைசியில் போட்டால் மையம் கிடைக்காது. நகலின் ஹப்பில் செய்த ஆண்டையும் 'நகல்' என்ற சொல்லையும் அழியாதபடி எழுதிவிடுங்கள், பிற்காலத்தில் யாரும் அதை அசலென்று விற்றுவிடக் கூடாது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி நூலில் கட்டுங்கள்: முத்திரையில் உள்ளபடி பெயரும் அளவும், நீங்கள் அளந்த பிட்ச் இரு பிளேடுக்கும் தனித்தனியே, துளை விட்டம், கிராமில் எடை, எங்கே எப்போது வாங்கியது, அலமாரியா என்ஜினா. ஓட்டுகிறவற்றின் சீட்டில் எந்த என்ஜின், எத்தனை சுற்று, கடைசியாக ஹப்பைச் சோதித்த தேதி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.